பிரயாணப்படியும் பனங்கருப்பட்டியும்

ஓர் உத்தியோகஸ்தர் 'முகாம்' போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் நம்மவர்கள் உதட்டில் ஒரு புன்னகை தவழ்வது வழக்கம். ஆராய்ச்சிக்காரர்கள் மாநாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றாலோ, அந்தப் புன்னகை சிரிப்பாகவே மாறிவிடுகிறது. ஆகாய விமானம், மூன்று நாள் ஓட்டல் வாசம், பொன்னாடை, குழுவாக நின்று ஒரு படம், பிறகு ஊர் திரும்பிப் 'படி' விண்ணப்பம்: இதுதான் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி. எல்லாம் யார் வீட்டுப் பணம்? நாமும் நேயர்களும் சேர்ந்து கொடுத்த வரிப்பணம் அல்லவா?

இந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆனால் பதரைத் தூற்றும்போது நெல்லையும் சேர்த்துத் தூற்றிவிடக் கூடாது. ஆராய்ச்சிப் பிரயாணத்தில் எது நெல், எது பதர் என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குச் சாட்சியாக நமக்குத் தெரிந்த ஒரு பொருளையே அழைப்போம். உடன்குடிக் கருப்பட்டியைத்தான் சொல்லுகிறோம்.

தேரிக்காட்டுத் தித்திப்பு

திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, குலசேகரன்பட்டினத்துக்கு அருகில் உள்ளது உடன்குடி. 1986 வரையில் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அவ்வருஷம் ஜில்லாவைப் பிரித்தபோது தூத்துக்குடியின் பங்கில் சேர்ந்தது. தாமிரபரணி பாயும் வயல்களைத் தாண்டித் தெற்கே வந்தால் நிலத்தின் நிறமே மாறிவிடும். செக்கச் சிவந்த மணற்குன்றுகள். காற்று அடிக்கும் திசைக்கெல்லாம் நகரும் தேரி. நெல்லும் வாழையும் அங்கே கால் ஊன்ற அஞ்சும். பனை மட்டும் அஞ்சாது. யாரும் தண்ணீர் வார்க்காமல், யாரும் எருப் போடாமல் ஓங்கி நின்று, கோடையின் உச்சியில் மனிதனுக்குத் தித்திப்பான நீரைக் கொடுக்கிறது.

பங்குனி பிறந்து ஆடி வரையில் அப்பக்கத்தில் பதநீர்க் காலம். பனையேறி விடியற்காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மரம் ஏறவேண்டும். இடையில் அரிவாட்பெட்டி, காலில் தளைநார், கையில் கலயம். பாளையை மெல்லியதாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவான். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை விடிலியில் பெரிய அண்டாவில் ஊற்றிப் பெண்கள் காய்ச்சுகிறார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டராவது பதநீர் வேண்டும் என்றால், அதற்குள் எத்தனை ஏற்றமும் இறக்கமும் அடங்கியிருக்கின்றன என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சுக்குக் காப்பிக்கும் உளுந்தங்களிக்கும் இந்தக் கருப்பட்டியைத் தேடாத வீடு தென்பாண்டி நாட்டில் இல்லை. 2023-ஆம் வருஷத்தில் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது. ஆனால் மரத்தில் ஏறும் ஆளுக்கு? தந்தை ஏறிய மரத்தில் மகன் ஏறுவதில்லை. உயரமான மரம், உயிருக்கு ஆபத்து, வருஷத்தில் சில மாதமே வேலை. ஏறுவோர் இல்லாமற் போனால் மரம் வெறும் விறகாகவும் செங்கற் சூளைக்கு இரையாகவும் போய்விடும். குட்டையாய் வளரும் மரம் வேண்டும். விரைவில் பாளை விடும் மரம் வேண்டும். பதநீர் கெடாமல் காக்கும் வழி வேண்டும். ஏறுவதற்கு நல்ல கருவி வேண்டும். இவையெல்லாம் ஆராய்ச்சி செய்து காணவேண்டியவை.

மரம் வராது, மனிதன்தான் போகவேண்டும்

அந்த ஆராய்ச்சிக்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அகில இந்தியப் பனை இன ஆராய்ச்சித் திட்டத்தில் நம் பனைமரத்தைக் கவனிக்கும் நிலையங்களில் அது ஒன்று. மற்றொன்று ஆந்திர தேசத்தில், கோதாவரிப் பிரதேசத்துப் பந்திரிமாமிடியில் உள்ளது. இவற்றை ஒருங்கிணைக்கும் இடமோ கேரளத்தின் வட கோடியில் உள்ள காசர்கோடு. 1916-இல் தென்னை ஆராய்ச்சிக்காக ஏற்பட்ட பழைய ஸ்தானம் அது. இத்தகைய திட்டங்களில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கை மத்திய சர்க்காரின் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும், கால் பங்கை மாநிலமும் ஏற்பது வழக்கம். ஆக, முழுப் பங்கும் பொதுமக்களுடையதே.

இரும்பை ஆராய்கிறவன் இரும்பைத் தன் மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். பனையை ஆராய்கிறவன் என்ன செய்வான்? விதை ஊன்றிய நாளிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து வருஷம் கழித்துத்தான் மரம் பாளை விடும். அதுவரையில் அது ஆண்பனையா பெண்பனையா என்றுகூடப் பார்த்துச் சொல்ல முடியாது! இளைஞராக உத்தியோகத்தில் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளர் தாம் ஊன்றிய மரத்தின் குணத்தைக் காண்பதற்குள் தலை நரைத்துவிடும். அதன் பேரப்பிள்ளையைக் காண்பதற்கு உத்தியோகமே போதாது.

ஆகையால் நல்ல மரத்தை நிலையத்துத் தோட்டத்தில் உண்டாக்கக் காத்திராமல், ஊர் ஊராகப் போய்த் தேடவேண்டியிருக்கிறது. எந்த மரம் குட்டை, எந்த மரம் நிறையச் சுரக்கிறது என்பது அந்த மரத்தில் இருபது வருஷம் ஏறியவனுக்குத்தான் தெரியும். அவனோடு பேசவேண்டும். மரத்துக்கு அடையாளம் இடவேண்டும். காலையிலும் மாலையிலும் எவ்வளவு சுரந்தது என்று காலம் முழுவதும் அளக்கவேண்டும். ஒரு வருஷம் அளந்தாற் போதாது. மழை பெய்த வருஷமும் பொய்த்த வருஷமும் பார்க்கவேண்டும். கிள்ளிகுளத்திலிருந்து உடன்குடி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரந்தான். ஆனால் அந்தச் சிறு தூரத்தை மறுபடி மறுபடி, வருஷக்கணக்கில் போய்வர வேண்டும். இங்கே பிரயாணந்தான் ஆராய்ச்சி; பிரயாணப்படிதான் சோதனைச் சாலைச் செலவு.

இது பனைக்கு மட்டும் உரிய புதுமை அன்று. 1919-ஆம் வருஷம் மே 29-ஆம் தேதி ஏற்பட்ட சூரிய கிரகணத்தைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து இரண்டு கோஷ்டியார் கப்பலேறினார்கள். எட்டிங்டன் ஆப்பிரிக்கக் கரையை அடுத்த பிரின்ஸிபே தீவுக்குப் போனார். மற்றக் கோஷ்டி பிரேஸில் தேசத்துச் சோப்ராலுக்குப் போயிற்று. அந்தப் பணிக்குக் கிடைத்த மானியத்தில் கருவிகளுக்கு 100 பவுன். யாத்திரைக்கு 1,000 பவுன்! கணக்குப் பிள்ளை ஒருவர், "கருவியைப்போல் பத்து மடங்கு கப்பற் செலவா?" என்று சிவப்பு மையால் கோடு கிழித்திருந்தால், சூரியனுக்கு அருகே வரும் நட்சத்திர ஒளி வளைகிறது என்ற ஐன்ஸ்டீன் கொள்கைக்கு அவ்வருஷம் சாட்சி கிடைத்திராது. கிரகணம் கிரீன்விச்சுக்கு வராது. பனைமரம் காசர்கோட்டுக்கு வராது.

கூட்டம் எதற்கு?

தனித்தனியே மரத்தடிக்குப் போவது சரி. எல்லாரும் சேர்ந்து கூட்டம் போடுவது எதற்கு என்று கேட்கலாம்.

கிள்ளிகுளத்தார் ஒரு கலயத்தால் அளந்து, பந்திரிமாமிடியார் வேறொரு முறையில் அளந்தால், இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஒரே முறை, ஒரே அளவு, ஒரே காலம் என்று நிச்சயிக்க வேண்டும். சென்ற வருஷத்து முடிவுகளை ஒருவருக்கொருவர் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். அதற்காகவே இத்தகைய அகில இந்தியத் திட்டங்களில் வருஷந்தோறும் ஆராய்ச்சியாளர் கூட்டம் நடைபெறுகிறது.

இப்படி ஊர்களைப் பிணைத்து வேலை செய்ததன் பலனை நம் நாடு முன்பே கண்டிருக்கிறது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்பரும் வெங்கட்ராமனும் அங்கே நாட்டுக் கரும்போடு காட்டு நாணலை ஒட்டி உண்டாக்கிய 'கோ. 205' என்னும் கரும்பு 1918-இல் வெளிவந்தது. பிறந்தது நொய்யல் கரையில், தழைத்ததோ பஞ்சாபில்! வடநாட்டு நிலமும் பனியும் அறிந்தவர்களோடு தொடர்பு இல்லாமல் கோவையிலேயே உட்கார்ந்திருந்தால் அது நடந்திராது. கரும்புக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் ஒரு பங்காவது பனைக்கு அன்றே கிடைத்திருந்தால், கருப்பட்டியின் ஜாதகமே வேறாக இருந்திருக்கும்.

ஐரோப்பியர்கள் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 1971-இல் அவர்கள் ஏற்படுத்திய 'காஸ்ட்' என்னும் கூட்டுறவு அமைப்பு, ஆராய்ச்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை; கருவி வாங்கிக் கொடுப்பதில்லை. ஒரே துறையில் பல தேசங்களில் உழைக்கிறவர்கள் கூடிப் பேசவும், ஒருவர் நிலையத்துக்கு மற்றவர் போய்ச் சில நாள் கற்றுக்கொள்ளவும் மட்டுமே பணம் தருகிறது. சாதாரணமாக நான்கு வருஷத் தவணை. சம்பளமும் கருவியும் அந்தந்த தேசத்துப் பொறுப்பு. அவற்றைக் கோக்கும் நூல் மட்டும் இவர்கள் பொறுப்பு. நூல் இல்லாமல் மாலை இல்லை என்பதை அறிந்த ஏற்பாடு இது.

ஒரு சிறு கணக்கு

சரி, நூலுக்கு என்ன விலை? மத்திய சர்க்கார் 2017-இல் வகுத்த விகிதங்களை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி விதிகள் உண்டு என்றாலும் ஒரு மதிப்புக்கு இது போதும். நடுத்தர அந்தஸ்துள்ள ஓர் அதிகாரிக்கு ஓட்டல் வாடகை நாளைக்கு 2,250 ரூபாய் வரையிலும், சாப்பாட்டுக்கு 900 ரூபாய் வரையிலும் கொடுக்கலாம். மிக உயர்ந்த பதவியில் உள்ளவருக்கு 7,500-ம் 1,200-ம். அடிமட்டச் சிப்பந்திக்கு 450-ம் 500-ம். அகவிலைப்படி 50 சதவிகிதம் ஏறும்போது இவை கால் பங்கு கூடவேண்டும் என்றும் ஏற்பாடு உண்டு.

நாற்பது பேர் மூன்று நாள் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவு வாடகை 4,500, மூன்று நாள் சாப்பாடு 2,700, ஆளுக்கு 7,200. நாற்பது பேருக்கு 2,88,000 ரூபாய். போக்குவரத்துக்கு ஆளுக்கு 6,000 என்று வைத்தால் 2,40,000. மொத்தம் 5,28,000 ரூபாய். மண்டபம், மேளம், மலர்ச்செண்டு இவற்றை நாம் சேர்க்கவில்லை.

இப்போது இன்னொரு பக்கம் பார்ப்போம். உடன்குடித் தேரிக்குப் போய்வர வாடகை வண்டிக்கு நாளைக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதே தொகையில் 132 தடவை போய்வரலாம். பங்குனி முதல் ஆடி வரை வாரம் ஒருமுறை போனால் ஒரு பதநீர்க் காலத்துக்கு 22 தடவை. அதாவது, ஆறு வருஷத்துப் பதநீர்க் காலம் முழுவதும் அளந்துவிடலாம்!

இதைக் கொண்டு கூட்டமே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடலாகாது. அளக்கும் முறையை முதலில் நிச்சயிக்காமல் ஆறு வருஷம் அளந்தால் ஆறு வருஷமும் வீண். ஆனால் நாற்பது பேர் வரவேண்டிய இடத்துக்கு எண்பது பேர் வந்தால், மூன்று நாள் வேலையில் ஒரு நாள் வரவேற்புரையிலேயே கழிந்தால், யாருடைய பங்கு குறைகிறது என்று கேட்பதற்கு இந்தக் கணக்கு உதவும்.

கத்தரி விழும் இடம்

சர்க்கார் சிக்கனத்தை மறந்துவிடவில்லை. 2021 ஜூன் மாதத்தில் மத்திய நிதி இலாகா, கட்டுப்படுத்தக்கூடிய செலவுகளில் 20 சதவிகிதம் குறைக்கும்படி எல்லா இலாகாக்களையும் கேட்டுக்கொண்டது; அந்தப் பட்டியலில் உள்நாட்டு, வெளிநாட்டுப் பிரயாணங்களும் இருந்தன. 2022 ஜூனில் விமானச் சீட்டை 21 நாள் முன்னதாகவே, உள்ளதில் குறைந்த கட்டணத்தில் வாங்கவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. இவை நல்ல விதிகளே. குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்மணியும் இதைத்தான் சொல்லுவாள்.

ஆனால் சிக்கனம் வேறு, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது வேறு. சம்பளத்தை வெட்ட முடியாது. வாங்கிய கருவியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே கத்தரி எப்போதும் 'பிரயாணம்' என்னும் இனத்தின்மேல் விழுகிறது. அந்த இனத்துக்குள்ளே தலைநகரத்து மாநாடும் இருக்கிறது. தேரிக்காட்டுப் பனையடியும் இருக்கிறது. இரண்டுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரே பெயர்! 20 சதவிகிதம் குறைக்கவேண்டும் என்றால் எது குறையும்? மாநாட்டுக்கு அழைப்பிதழ் உண்டு, தலைவர் உண்டு, தேதி உண்டு. பனைமரம் அழைப்பிதழ் அனுப்புவதில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எளிதாகத் தள்ளிவிடலாம். பங்குனியில் தள்ளிப் போட்ட வாரம், ஆடி கழிந்த பிறகு திரும்பி வராது. ஒரு வருஷத்து அளவு போய்விட்டால் அதை எந்த மானியத்தாலும் பிறகு வாங்க முடியாது.

விகிதப் பட்டியலில் மற்றொன்றையும் நேயர்கள் கவனித்திருப்பார்கள். வெயிலில் நின்று பதநீரை அளக்கும் அடிமட்டச் சிப்பந்திக்கு இரவு தங்க 2017-இல் வகுத்தது 450 ரூபாய். அந்தத் தொகைக்குத் திருச்செந்தூரில் திருவிழா நாளில் திண்ணைகூடக் கிடைப்பது அரிது. உண்மையான அளவு யார் கையில் இருக்கிறதோ, அவர் கைக்கே குறைந்த படி போகிறது.

மூன்றணாப் பாடம்

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டத் தமிழர் ஒருவரே இருக்கிறார். தஞ்சாவூரில் பிறந்து, கணக்குப் பரிசோதனைத் துறையில் தேர்ந்து, காந்தியடிகளின் பணியில் சேர்ந்த ஜே. ஸி. குமரப்பா அவர்களைத்தான் குறிப்பிடுகிறோம். 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீஹாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. ராஜேந்திர பிரஸாத் தலைமையில் நிவாரணப் பணி தொடங்கியபோது, பணக் கணக்கைக் குமரப்பா மேற்பார்த்தார். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். அப்போது காந்தியடிகளே தம் பரிவாரத்துடன் வந்துசேர்ந்தார். பழமும் ஆட்டுப்பாலும் மூன்றணாவுக்குள் அடங்குமா? அந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மகாதேவ தேசாயிடம் குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணத்தைக் கேட்டறிந்த அடிகள் அதை ஒப்புக்கொண்டார்.

அதே குமரப்பா அவ்வருஷ இறுதியில் ஏற்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாகிப் பனைவெல்லத் தொழிலுக்காகப் பாடுபட்டார். நல்ல வயலைக் கரும்புக்குக் கொடுப்பானேன், பயிரேறாத நிலத்துப் பனை இனிப்பைத் தரும்போது என்பது அவர் கட்சி. மூன்றணாவுக்குக் கணக்குக் கேட்ட அதே மனிதர், பனைத் தொழிலுக்கு வேண்டியதைச் செலவிடத் தயங்கவில்லை. துயருற்ற ஜனங்களுக்குப் போய்ச் சேரும் காசு எது, சேராமல் வழியில் நிற்கும் காசு எது என்பதே அவர் கேட்ட கேள்வி. செலவு பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்விதான்.

நாம் கேட்கவேண்டியவை

அந்த முறையிலேயே நாமும் சில ஏற்பாடுகளைக் கோரலாம்.

முதலாவது, மரத்தடிப் பிரயாணத்தையும் மண்டபப் பிரயாணத்தையும் கணக்கில் தனித்தனி இனமாகப் பிரிக்கவேண்டும். பஞ்ச காலத்தில் வெட்டினாலும் முன்னதில் கை வைக்கக்கூடாது.

இரண்டாவது, தூரத்திலிருந்தே செய்யக்கூடியதைத் தூரத்திலிருந்தே செய்யவேண்டும். 2020-இல் கொரோனா நோய் ஊரடங்கச் செய்தபோது, உலகெங்கும் விஞ்ஞானக் கூட்டங்கள் திரை வழியே நடந்தன. அறிக்கை வாசிப்பதற்கு அதுவே போதும் என்று அப்போது தெரிந்துவிட்டது. பாளை சீவும் கையையும், பாகின் பதத்தையும், மரத்தின் வாகையும் காண்பதற்கு மட்டும் நேரில் வரட்டும்.

மூன்றாவது, நேரில் கூடும் கூட்டத்தைப் பெருநகர ஓட்டலில் வைக்காமல், பதநீர்க் காலத்தில், பனை நிற்கும் சீமையில் வைக்கவேண்டும். மேடையில் ஒரு நாற்காலி பனையேறிக்கும், ஒரு நாற்காலி கருப்பட்டி காய்ச்சும் பெண்ணுக்கும் போடட்டும். அவர்களுடைய வழிச்செலவையும் ஒரு நாள் கூலியையும் அதே விகிதப்படி கொடுக்கட்டும். ஆராய்ச்சிக்கு அவர்களைவிடப் பெரிய நிபுணர்கள் யார்?

நான்காவது, பிரயாணம் முடிந்து வந்தவர் படி விண்ணப்பத்தோடு ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும்: எங்கே போனோம், எவ்வளவு செலவாயிற்று, கடிதத்தில் கிடைக்காத எதைக் கண்டுவந்தோம். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கேட்பதற்கு முன்பே தகவல்களை வெளியிடுவது பொது ஸ்தாபனங்களின் கடமை. நல்ல வேலை செய்கிறவருக்கு இந்த ஒரு பக்கம் பாரமாக இராது, கவசமாக இருக்கும்.

2021-இல் தமிழக சர்க்கார் தன் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, 30 ஜில்லாக்களில் 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் கொடுப்பதாகச் சொன்னது. அந்த விதைகள் மரமாகிப் பாளை விடும்போது 2030-களின் நடுப்பகுதி ஆகிவிடும். அவற்றில் எது குட்டை, எது நெட்டை, எது நன்றாகச் சுரக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். அதற்கு ஆகும் வண்டிச் சத்தம் மிகச் சொற்பம். அதை மிச்சம் பிடித்தோமானால், எழுபத்தாறு லட்சம் விதை ஊன்றியும் எது நல்ல விதை என்று தெரியாதவர்களாக நம் குழந்தைகளை விட்டுச் செல்வோம்.

ஆகவே நேயர்கள் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்கவேண்டும், தாராளமாகக் கேட்கவேண்டும். ஆனால் "ஏன் போனீர்கள்?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "பனையடிக்கு ஏன் இந்த வாரம் போகவில்லை?" என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.